சாயங்காலத் துள்ளலைப் பார்த்து வளர்த்த குட்டிகள்

வெள்ளாட்டுக் குட்டி நலமாக இருக்கிறதா என்று அறிய, வெயில் தாழ்ந்த பிறகு அரை மணி நேரம் கொட்டில் வாசலில் உட்கார்ந்தால் போதும். மேய்ச்சலிலிருந்து திரும்பிய தாயிடம் வயிறு முட்டக் குடித்துவிட்டுக் குட்டிகள் ஆடத் தொடங்கும் நேரம் அது. அந்த ஆட்டத்தில் சேராமல் நிற்கும் குட்டியை அன்றைக்கே கவனித்துவிட வேண்டும்.

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடும் ஒரு சிறு கொட்டிலும் இருக்கின்றன. வளர்ப்பது கன்னி ஆடு. கருப்பு முகத்தில் இரு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கரிசல் வெயிலுக்கும் முள்ளுக்கும் பழகிய இனம். இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். வைகாசியில் கிடாய் சேர்ந்த ஆடுகள் ஐந்து மாதச் சினை முடிந்து ஐப்பசியில் அடுத்தடுத்து ஈன்றன. வெளியே அடைமழை. நனைந்த கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு விடாது. குட்டி வளர்க்க இதைவிடக் கடினமான காலம் கிடையாது.

பிறந்த முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புள்கொடியை நூலால் கட்டி நறுக்கி, டிங்சர் அயோடினில் நனைத்துவிட்டு, உடனே சீம்பாலுக்கு விட்டேன். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குப் போய்ச் சேராது. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கும். அதையும் குட்டியின் குடல் முதல் நாள் மட்டுமே முழுதாக உறிஞ்சும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு அன்று பல தடவையாக 200 மில்லியாவது உள்ளே போக வேண்டும்.

ஒரு பால்கன்னி மூன்று குட்டி போட்டது. தாய்க்குக் காம்பு இரண்டுதானே. கடைசியாக வந்த பெட்டை, அண்ணன்மார் இருவரும் முட்டித் தள்ளியதில் ஓரமாகக் கிடந்தது. அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. இப்படிக் குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் ஊற்றக் கூடாது. செரிக்காது, புரையேறும் ஆபத்தும் உண்டு. காய்ந்த சாக்கால் நன்றாகத் தேய்த்து, துணியில் சுற்றி, அடுப்படிக் கதகதப்பில் வைத்திருந்து, வாய்க்குள் சூடு வந்த பிறகே கறந்த சீம்பாலைக் கொடுத்தேன். பிறகு புட்டிப்பால். கைக்குழந்தை போல மடியில் மல்லாத்திக் கொடுக்க மனம் ஆசைப்படும். ஆனால் குட்டி நான்கு காலில் நின்று, தாய்மடியில் குடிப்பது போலக் கழுத்தை நீட்டிக் குடிக்க வேண்டும். அப்போதுதான் பால் புரையேறாமல், அரைகுறையாக வளர்ந்த முதல் வயிற்றில் தேங்காமல், நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும். அந்தப் பெட்டை என் முழங்காலை இரண்டு முட்டு முட்டிவிட்டுத்தான் குடிக்கும். தாயின் மடியை முட்டிப் பால் இறக்கும் பழக்கம் பிறவியிலேயே வருகிறது என்பதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

தாய்கள் மேயப் போகும் நேரத்தில் குட்டிகளைக் கொடாப்பு என்னும் பெரிய கூடையால் கவிழ்த்து மூடி வைப்போம். காகம், நாய்த் தொந்தரவு இல்லை. இரண்டு வாரம் ஆனதும் கொடாப்பு தாங்காது. உள்ளேயிருந்தே தூக்கிக்கொண்டு நகரும். அதன் பிறகு தனித் தடுப்பு. அதில் உடைந்த ஆட்டுரல், பனைத்துண்டு, பழைய டிராக்டர் டயர் ஆகியவற்றைப் போட்டேன். வெள்ளாட்டுக்கு உயரம் என்றால் உயிர். ஒன்று உரல்மேல் ஏறினால் மற்றவை அதைத் தள்ள வரும். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்பி, நடுவானில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, வேறு திசை பார்த்து இறங்கும். படுத்திருக்கும் தாயின் முதுகும் அவற்றுக்கு மேடைதான். இந்த ஆட்டத்தை நம்பித்தான் மற்ற ஏற்பாடுகளும்: கிணற்றுக்கு வலை, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, தலை மாட்டிக்கொள்ளாதபடி நெருக்கமான கம்பி. குட்டியைக் கயிற்றில் கட்டவே கூடாது என்பது என் முடிவு.

அகத்தி, வேம்பு, கிளுவைக் குழைகளைக் குட்டியின் வாய் எட்டும் உயரத்தில் கொத்தாகத் தொங்கவிட்டேன். விளையாட்டாகக் கடித்து இழுத்தே தின்னப் பழகின. தரையில் போட்ட குழையை மிதித்துவிட்டுப் பிறகு முகரக்கூட மாட்டா.

கார்த்திகையில் விடாமல் பெய்த ஒரு வாரம். அதன் முடிவில் ஒரு சாயங்காலம், செங்கன்னிக் குட்டி ஒன்று முதுகைக் கூனி மூலையில் நின்றது. காலையில் பால் குடித்திருந்தது, காய்ச்சலும் இல்லை. ஆனால் உரல் காலியாக இருந்தும் ஏறவில்லை. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா எட்டிப் பார்த்து, "வாலைத் தூக்கிப் பாரம்மா" என்றார். வால் அடியில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. மறுநாள் காலையிலேயே சாணத்தை எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். ஈரத்தரையில் பெருகும் ரத்தக் கழிச்சல் கிருமி. ஒன்று முதல் நான்கு மாதக் குட்டிகளைத்தான் அதிகம் தாக்குமாம். டாக்டர் சொன்னபடி தடுப்பில் இருந்த எல்லாக் குட்டிகளுக்கும் மருந்து கொடுத்தோம். பழைய மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, சரள் பரப்பி, சுண்ணாம்புத் தூள் தூவினோம். தீவனத் தட்டை உயர்த்திக் கட்டினோம். ரத்தம் தெரியும் வரை காத்திருந்தால் அந்தக் குட்டி பிழைத்திருக்காது. சில நாளில் அது முன்னங்காலை உரல்மேல் தூக்கி வைத்தபோது எனக்கு அடக்க முடியாத சந்தோஷம்.

மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை மூக்குமுட்டத் தின்றால் துள்ளுமாரி என்ற குடல் நோய் வரும். காலையில் நன்றாக இருந்த குட்டி மாலைக்குள் போய்விடும். சினையின் கடைசி மாதத்தில் தாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருந்ததால், சீம்பால் வழியே அந்தக் காப்பு குட்டிகளுக்கும் வந்திருந்தது. இரண்டாம் மாதத்தில் குடற்புழு மருந்து, பால் மறக்கடித்ததும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி.

மாசி பிறந்தபோது குட்டிகள் தாய்களோடு மேய்ச்சலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. கிடாய்க் குட்டிகளை இன்னும் சில மாதம் வளர்த்து எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோவோம். புட்டிப்பால் பெட்டையை விற்பதாக இல்லை. அடுத்த மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள், குட்டித் தடுப்புக்குப் பனஞ்சட்டத்தில் பரண் போட ஆசாரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். புழுக்கையும் ஈரமும் கீழே விழுந்துவிடும். குளம்பு சிக்காத அளவுக்குச் சட்டங்களுக்கு இடையே இடைவெளி விடவும் சொல்லியிருக்கிறேன்.