முதுகு தெரிஞ்சா என்ன பண்றது சார்?

கன்மேன்களுக்கு (பணம் கொண்டு போற வேனுக்கு துப்பாக்கியோட காவல் போறவங்க) சட்ட கிளாஸ் எடுக்கிறது எங்க ஆபீஸ்ல என் தலையில விழுந்த வேலை. பிஎல் முடிச்சிட்டு கோர்ட் பக்கமே போகாம கேஷ் வேன் ரூட் போட்டுட்டு இருக்கிற ஆளு நான், அதனால அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தான். வந்து உக்கார்றவங்க பாதிப் பேர் எக்ஸ் சர்வீஸ்மேன், சொந்த லைசென்ஸ்ல வாங்கின ரெட்டைக்குழலோட.

2024 ஜூலைல ஐபிசிக்கு பதிலா பிஎன்எஸ்ங்கிற புது குற்றவியல் சட்டம் வந்தப்போ நான் நம்பரை மட்டும் மாத்தினேன். பொருளைக் காப்பாத்த எப்ப உயிரை எடுக்கிற அளவுக்குப் போகலாம்னு சொல்ற ஐபிசி 103 இப்ப 41, அந்த உரிமை எதுவரைக்கும் நீடிக்கும்னு சொல்ற 105 இப்ப 43. சாதா திருட்டுன்னா உயிரை எடுக்கிற அளவுக்குப் போக முடியாது, நம்ம உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தா ஒழிய. வழிப்பறின்னா போகலாம், ஆனா அந்த பயம் இருக்கிற வரைக்கும்தான். அதுலயும் தேவைக்கு மேல போகக்கூடாது. பொருள் என்னோடதுங்கிறதுக்காக எதையும் பண்ணிட முடியாதுன்னு சொல்ல ஒரு பீகார் கேஸை எடுப்பேன். பக்கத்து வீட்டுப் பொம்பள தன் கக்கூஸுக்கு வர்றாங்கன்னு ஒருத்தர் வழியில கரண்ட் கம்பி கட்டிட்டாரு, அவங்க செத்துட்டாங்க, அத்துமீறி வந்தவங்கன்னாலும் இப்படிப் பண்ண உரிமை இல்லைன்னு 1963ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. கக்கூஸ்னதும் சிரிப்பாங்க, கம்பின்னதும் அடங்கிரும்.

ஒரு பேட்ச்ல ஹவில்தார் (அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுவோம்) கை தூக்கினாரு. "பெட்டியை எடுத்துட்டு ஓடறான், முதுகுதான் தெரியுது. என்ன பண்றது சார்?"

"சுடாதீங்கண்ணே. ஓட ஆரம்பிச்சுட்டா அவன் திருடன், திரும்பி கத்தியை வீசினா மறுபடி வழிப்பறிக்காரன்."

"அப்ப துப்பாக்கி எதுக்கு சார்?"

"பயமுறுத்த."

"அவன் பயப்படலைன்னா?"

டைம் ஆச்சுன்னு முடிச்சுட்டேன். நிஜமாவே டைம் ஆச்சு.

அப்புறம் அவரு ரூட்லயே நடந்துச்சு. கஸ்டோடியன் (பணத்துக்குப் பொறுப்பா கூடப் போற ஆள்) கண்ணுல மிளகாப் பொடியை அடிச்சு, பெட்டியைப் பிடுங்கிட்டு, பைக்ல ஏறிப் போயிட்டானுங்க. கேஷ் வேனுக்கான 2018 விதிப்படி ரெண்டு கன்மேன் இருந்தாங்க, இன்னொருத்தர் வண்டிக்கு அந்தப் பக்கம். எதிர் கடை கேமரால எல்லாம் பதிவாகியிருக்கு, விசாரணைக்காக அதை நான் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஹவில்தாரோட இடது கை பீப்பாயைப் பிடிக்குது, பீப்பாய் இடுப்பு உயரம் வருது, நிக்குது, கீழ போயிடுது. பொடி அடிச்ச வரைக்கும் அது சுத்தமா வழிப்பறி, 41 கையில இருக்கு, ஆனா கஸ்டோடியன் கண்ணைக் கசக்கிட்டு நட்ட நடுவுல நிக்கிறாரு. அவரு விலகினப்போ தெரியுறது முதுகு மட்டும்தான், முதுகுக்குப் பின்னாடி இளநீர் வண்டி, நாலு பேர். சட்டம் விட்ட நேரத்துல ஆள் குறுக்க, ஆள் விலகின நேரத்துல சட்டம் குறுக்க.

கால்ல சுட்டிருக்கலாமேன்னு மேனேஜ்மென்ட்ல கேட்டாங்க. பேப்பர்ல அதுக்கு இடம் இருக்கு, பொருளோட அவன் தப்பிச்சுப் போற வரைக்கும் உயிர் போகாத அளவுக்குத் தடுக்கலாம். ஆனா ட்வெல்வ் போர்ல சுடுற ரவை சிதறும், காலைப் பார்த்துத்தான் போகும்னு யாரு கேரண்டி? யாராவது செத்திருந்தா தற்காப்புன்னு நிரூபிக்கிற பொறுப்பு ஹவில்தார் தலையில. போன பணத்துக்கு இன்சூரன்ஸ் வரும், அவரு ஜாமீனுக்கு எந்த பாலிசில இடம் இருக்கு?

விசாரணைல அவரு சொன்னது ஒரே வரி. "சார் கிளாஸ்ல சுடாதீங்கன்னாரு." எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. ஆமா சொன்னேன், சட்டப்படி அதுதான் சரின்னு ரிப்போர்ட்லயும் எழுதினேன். கவனக்குறைவுன்னு போட்டு அவரை அனுப்பிட்டாங்க. நான் இருக்கேன்.

இதுவரைக்கும்னா எனக்குப் பதில் இருக்கு. ஒரு மனுஷன் சாகல, அதுக்கு நான் எடுத்த கிளாஸும் ஒரு காரணம்னு சொல்லிக்கலாம், சொல்லிக்கிட்டும் இருந்தேன். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்க வந்தப்போ அவரே அதையும் கெடுத்துட்டாரு. டீக்கடைல நிக்கும்போது, "கிளாஸெல்லாம் அந்த நேரத்துல ஞாபகம் வரல சார், கை மேல வரல, அவ்வளவுதான்"னாரு. அப்ப ஏண்ணே என் பேரைச் சொன்னீங்கன்னு கேட்டேன். "அவங்களுக்குப் புரியற மாதிரி ஏதாவது சொல்லணும்ல."

விசாரணைல சொன்னது சமாளிப்பா, இல்ல என் மேல பழி வரக்கூடாதுன்னு இப்ப மாத்திச் சொன்னாரான்னு எனக்குப் பிடிபடல. விசாரணைல சொன்னது நிஜம்னா அவரு வேலை போனதுல எனக்குப் பங்கு இருக்கு, டீக்கடைல சொன்னது நிஜம்னா என் கிளாஸுக்கு வேலையே இல்ல. ரெண்டுல எது தேவலைன்னு கேட்டா, ஒவ்வொரு நாளைக்கு ஒண்ணு தோணுது.

43ஐ ஸ்லைடுல இருந்து எடுத்துருங்கன்னு ஹெச்ஆர்ல சொல்றாங்க, அதைப் படிச்சா ஆளுங்க தயங்கறாங்களாம். எடுக்கல. ஆனா அந்த ஸ்லைடு வரும்போது கொஞ்சம் வேகமாத்தான் தாண்டறேன்.