தினமும் ஆபீஸ், எப்போதாவது மலை: அட்வென்ச்சர் பைக் தேடி வாங்கிய அனுபவம்

வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டிக்குத் தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். லாலி ரோடு, காந்திபுரம், கணபதி என்று கோவையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற வழி. மனைவியின் ஊர் ஆனைமலைப் பக்கம். பொள்ளாச்சி தாண்டி மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டத்து வீடு வரைக்கும் கல்லும் மண்ணுமான வண்டித்தடம்தான். அங்கே போகும்போது மனசு வந்தால் ஆழியாறு ஏறி வால்பாறை போய் வருவோம். பழைய 150 சிசி வண்டி நன்றாகவே உழைத்தது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அது மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வண்டி, தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஓட்டும்படி உயரமாகச் செய்த அட்வென்ச்சர் ரகம்தான் என்று முடிவு செய்து, போன வருஷம் ஆடி மாதம் தேட ஆரம்பித்தேன்.

பார்த்தவற்றில் மனதில் நின்றவை நான்கு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், பிறகு அக்டோபரில் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மண் ரோட்டுக்கு அருமையான வண்டி. ஆனால் 19 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மலையேறுவது பழைய கதையையே தொடர்வதாக இருக்கும் என்று அதை முதலிலேயே விட்டுவிட்டேன்.

முதலில் கால் விஷயம். எனக்கு உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். சுவரில் முதுகை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே வரை இழுத்துப் பிடித்து, அங்கிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தால் 76 செ.மீ. வந்தது. ஹிமாலயனின் சீட் உயரம் 825 மி.மீ., கேடிஎம் 830, வி-ஸ்ட்ராமும் ஆர்டிஎக்ஸும் 835. இந்தக் கணக்கைப் பார்த்தால் எதுவுமே எனக்கு ஆகாது. ஆனால் கம்பெனி சொல்கிற உயரம் ஆள் ஏறாத வண்டியின் உயரம். நாம் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் சில செ.மீ. இறங்கும், ஷூவின் அடிப்பாகம் இரண்டு செ.மீ.யாவது சேரும். அதைவிட முக்கியம், சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்பது. அங்கே அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் தரைக்கு எட்டாது, குறுகலாக இருந்தால் நேராக இறங்கும். 835 என்று எழுதியிருக்கும் வண்டியில் கால் எட்டுவதும், அதைவிடக் குறைவாக எழுதியிருக்கும் வண்டியில் எட்டாமல் போவதும் இதனால்தான். காகிதத்தில் பார்த்துக் கழிக்காமல், தினமும் போடுகிற ஷூவோடு போய் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

உட்கார்ந்து பார்த்ததில் ஹிமாலயன்தான் காலுக்கு நன்றாக இருந்தது. இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிந்தன. வி-ஸ்ட்ராமில் நேராக உட்கார்ந்தால் விரல்நுனிகள்தான் படும். சிக்னலில் நிற்கும்போது இடுப்பை லேசாக இடது பக்கம் நகர்த்தி, இடது காலை முழுதாக ஊன்றி, வலது காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டால் போதும். உயரம் குறைவானவர்கள் எல்லாரும் செய்வது இதுதான், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கால் அளவை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் ஹிமாலயனைத்தான் வாங்கியிருப்பேன். என் மனதை மாற்றியது, எங்கள் பேட்டையில் பல வருஷமாக வண்டி பார்த்துத் தருகிற மெக்கானிக் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை.

“ஓட்டறதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க தம்பி. எஞ்சினை ஆஃப் பண்ணிப்போட்டு வண்டிய பின்னால தள்ளிப் பாருங்க. தினமும் பார்க்கிங்ல இருந்து எடுக்கப்போறது நீங்கதானுங்களே?”

எங்கள் ஆபீசில் டூவீலர் பார்க்கிங் அடித்தளத்தில். தரை சரிவாக இருக்கும், வண்டிகளை நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். மாலையில் வண்டியை எடுக்கப் போனால், பின்னால் ஏற்றத்தில் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். அதனால் ஒவ்வொரு ஷோரூமிலும் வாசல் சரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஹேண்டிலையும் பின்பக்கக் கைப்பிடியையும் பிடித்து ஏற்றத்தில் பின்னால் இழுத்துப் பார்த்தேன். அப்புறம் சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பார்த்தேன். ஹிமாலயன் பெட்ரோலோடு 196 கிலோ, கேடிஎம் 180 கிலோவுக்கு மேல், ஆர்டிஎக்ஸ் 180, வி-ஸ்ட்ராம் 167. நான்கைந்து கிலோ வித்தியாசம் கையில் தெரியாது. முப்பது கிலோ தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. 167 கிலோ வண்டியை ஒரு மூச்சில் இழுத்துத் திருப்ப முடிந்தது. கனமான வண்டியை இரண்டு தடவை நிறுத்தி, காலை மாற்றி ஊன்றித்தான் திருப்ப முடிந்தது. நாள் முழுக்க ஓட்டினால் அந்த எடை ஒரு பொருட்டில்லை, ஓடுகிற வண்டிக்கு எடை குறைந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் என் தினசரியில் வண்டியைத் தள்ளுகிற நேரமும் உண்டு.

டெஸ்ட் ரைடு கேட்பதில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். காலை பத்து மணிக்குக் காலி ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வண்டி நன்றாகச் சூடான பிறகு, நெரிசலில் ஓட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒரு ஷோரூமில் முடியவே முடியாது என்றார்கள். மற்ற இடங்களில் பேசிப் புரியவைத்ததும் ஒரு ஆளைப் பின்னால் உட்காரவைத்து அனுப்பினார்கள். பின்னால் ஆள் இருந்ததும் நல்லதாகப் போயிற்று, இரட்டை ஆள் எடையில் வண்டி எப்படி என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

நெரிசலில் நான் கவனித்தது முன்சக்கரத்தை. ஹிமாலயனுக்கு முன்னால் 21 அங்குலச் சக்கரம். பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் சுலபமாக ஏறிக் கடக்கும், அதே காரணத்தால் திருப்பும்போது கொஞ்சம் நிதானமாகத் திரும்பும். வி-ஸ்ட்ராமிலும் ஆர்டிஎக்ஸிலும் 19 அங்குலம். காந்திபுரத்தில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து வெளியே வரும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும். ஆற்றுப்படுகையிலும் பாறையிலும் ஓட்டுபவர்களுக்கு 21தான் சரி. என்னுடைய மண் ரோடு ஒரு தோட்டத்து வண்டித்தடம், அதற்கு 19 தாராளம். இன்னொன்று, வி-ஸ்ட்ராமில் அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும் வருகின்றன. ராத்திரி பஞ்சரானால் ரோட்டோரத்திலேயே பிளக் போட்டுக் காற்றடித்துக்கொண்டு கிளம்பலாம். ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருந்தால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ஹிமாலயனில் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரமும் உண்டு, அதற்குத் தனியாகப் பணம்.

காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். கோவை–பொள்ளாச்சி சாலை வடக்கு தெற்காகப் போகிறது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். கிணத்துக்கடவு தாண்டினால் அது நேராக வண்டியின் விலாவில் அடிக்கும். அட்வென்ச்சர் வண்டிகள் உயரமானவை, முன்னால் கண்ணாடியும் உண்டு, ஆகவே காற்றுக்குக் கிடைக்கிற பரப்பு அதிகம். நண்பர்கள் இரண்டு பேர் தங்கள் ஹிமாலயனையும் வி-ஸ்ட்ராமையும் கொடுத்து உதவினார்கள். ஆடிக்காற்றில் அதே சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இந்த இடத்தில் ஹிமாலயனின் எடை பெரிய பலம். பக்கவாட்டுக் காற்றில் அது அசைந்து கொடுப்பது குறைவு. வி-ஸ்ட்ராம் லாரியைக் கடந்து வெளியே வரும் கணத்தில் ஓர் அடி நகர்ந்தது. தோளைத் தளர்த்தி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடித்தால் வண்டி தானாக நேராகிவிடுகிறது. வேகத்தையும் எண்பதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வருஷத்தில் இரண்டு மாதம் இப்படி ஓட்ட எனக்குச் சம்மதம்தான், ஆனால் தினமும் பொள்ளாச்சி ரோட்டில் போய் வருகிறவர் என்னிடம் கேட்டால் கனமான வண்டியைத்தான் சொல்வேன்.

மலையில் நிலைமை வேறு. வால்பாறைக்கு ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஹிமாலயனில் 452 சிசி, 40 குதிரைத்திறன், அதைவிட முக்கியமாக 40 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, 5,500 ஆர்பிஎம்மிலேயே (நிமிஷத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) கிடைத்துவிடும். வி-ஸ்ட்ராமில் 249 சிசி, 26.5 குதிரைத்திறன், டார்க் 22.2 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 7,300 ஆர்பிஎம் வரை போனால்தான் முழுதாக வரும். அதாவது வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, எஞ்சினைச் சுற்றவிட்டு ஏற வேண்டும். சோம்பேறித்தனமாக மூன்றாவது கியரில் இழுக்க முடியாது. எனக்கு அப்படிக் கியர் மாற்றி ஏறுவது பிடிக்கும், அதனால் இதைக் குறையாக நினைக்கவில்லை. மனைவியைப் பின்னால் வைத்து ஏறியும் எங்கேயும் திணறவில்லை.

நான் தேடிக்கொண்டிருந்தபோதே வரி மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. வி-ஸ்ட்ராம் எக்ஸ்ஷோரூம் விலையில் (சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராதது) இரண்டு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. ஹிமாலயன் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. வித்தியாசம் அதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் சாலை வரி விலையில் 12 சதவீதம், ஆகவே விலை ஏற ஏற வரியும் ஏறும். புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டவேண்டிய மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் அப்போது 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதைத் தாண்டினால் 15,117 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. எல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் இடைவெளி. அந்தப் பணத்தில் எத்தனை தடவை வால்பாறை போய் வரலாம் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

ஆர்டிஎக்ஸ் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். உண்மையில் கடைசிவரை தடுமாறியது அதில்தான். 299 சிசி, 36 குதிரைத்திறன், வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல், ரைடு மோடுகள், பக்கத்து ஓசூர்க் கம்பெனி, விலையும் வி-ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில். ஓட்டிப் பார்த்தபோது மனசுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் எஞ்சின் முழுக்கப் புதிது. வி-ஸ்ட்ராமின் எஞ்சின் 2019இல் வந்த ஜிக்ஸர் 250 வண்டியிலிருந்து வந்தது, எண்ணெயால் குளிர்விக்கப்படுவது, எங்கள் மெக்கானிக் அண்ணனே பலமுறை பிரித்து மாட்டியிருக்கிறார். எனக்கு வீட்டில் வேறு பைக் கிடையாது. வண்டி சர்வீசில் நின்றால் ஆபீசுக்குப் பஸ்தான். பழகிய எஞ்சின் உள்ள வி-ஸ்ட்ராமையே எடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து இதே தேர்வைச் செய்பவருக்கு ஆர்டிஎக்ஸ்தான் முதல் இடத்தில் நின்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

வீட்டில் ஸ்கூட்டரை மட்டும் விற்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, புடவையோடு ஒருபக்கமாக உட்காருகிறவர். இந்த உயரத்தில் பின்சீட்டில் அவரால் ஏறவே முடியாது, எந்த அட்வென்ச்சர் வண்டியாக இருந்தாலும் இதே கதைதான். பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போக வேண்டிய வீட்டில் இது ஒரே வண்டியாக இருக்க முடியாது. புக் பண்ணுவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரையும் பின்னால் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

மார்கழிக்கு முன்னால் எடுத்துவிடு என்று அம்மா சொன்னதால் கார்த்திகையிலேயே பணம் கட்டினேன். கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு தொகை இருந்தது. எதற்கு, ரசீதில் தனியாகப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டதும் எடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டப்படி இல்லை. வெளியே ஒரு விலை கேட்டு அதைக் காட்டினேன், அவர்களே குறைத்துக் கொடுத்தார்கள். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷன் மட்டும் சேர்த்துக்கொண்டேன், பிளாஸ்டிக் பாகங்கள் நிறைய உள்ள வண்டிக்கு அது தேவை.

டெலிவரிக்கு முந்தின நாள் பகல் வெளிச்சத்தில் போய் வண்டியைப் பார்த்தேன். சேசிஸ் எண் இன்வாய்சில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, டேங்க் ஓரத்தில் கீறல் உண்டா என்று பார்ப்பது எல்லாரும் செய்வது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும், அதையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் குறிக்கும். 3225 என்றால் 2025ஆம் வருஷத்தின் 32ஆவது வாரம். வருஷக் கடைசியில் வாங்கும்போது, யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியா என்று கண்டுபிடிக்க இது உதவும்.

வண்டி வந்த பிறகு எஞ்சினைச் சுற்றி ஒரு கிராஷ் கார்டு போட்டேன். டாப் பாக்ஸ் போடவில்லை, ஏற்கெனவே உயரமான வண்டியில் பின்பக்க எடையையும் கூட்டினால் ஆடிக்காற்றில் இன்னும் ஆட்டம் காட்டும். லேப்டாப் பையைப் பின்சீட்டில் வலை போட்டுக் கட்டிக்கொள்கிறேன். மைலேஜ் ஊருக்குள் லிட்டருக்கு 33, வெளியே போனால் 36 பக்கம் தருகிறது. 12 லிட்டர் டேங்க்தான் என்றாலும் வால்பாறைக்குப் போய்த் திரும்ப ஒரு டேங்க் போதும், வழியில் பங்க் தேட வேண்டியதில்லை. சீட் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இறுகத் தொடங்குகிறது. உக்கடத்தில் சீட் வேலை செய்யும் ஒரு கடையில் விசாரித்திருக்கிறேன். ஃபோமை மாற்றும்போதே முன்பகுதியின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் செதுக்கித் தருவதாகச் சொன்னார், அப்படிச் செய்தால் கால் இன்னும் ஒரு விரல் கீழே இறங்கும்.