அப்பத்தாவின் பெயருக்குப் பதினாறு எழுத்துக்கூட்டல்கள்

எங்கள் கடைக்கு என் அப்பத்தாவின் பெயர். அந்தப் பெயரில் ஒரு 'ழ'வும் இரண்டு 'த'வும் ஒரு நெடிலும் இருக்கின்றன. இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் இரண்டு வழிகளில் பிரியும் என்பதை, அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் நான் எண்ணிப் பார்த்தேன்.

காரைக்குடியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பலகாரம் செய்து விற்கிறது. மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை, அதிரசம் என்று கடையில் வாங்கிப் போகிறவர்கள் ஒரு பக்கம் இருந்தாலும், எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி திருமணச் சீர்ப் பலகாரத்தில்தான் வருகிறது. பெண் வீட்டார் இன்று சென்னையிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். சீர் மட்டும் செட்டிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று நினைப்பார்கள். அவர்கள் எங்களை நேரில் பார்ப்பதில்லை. பெயரைக் கேள்விப்பட்டு, அந்தப் பெயரை இணையத்தில் தட்டச்சு செய்து, முன்பணம் அனுப்புகிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டாட் காம் பெயர். 'ழ'வுக்கு இஸட், ஹெச் என்ற இரண்டு எழுத்துகளை இட்டுப் பதிவு செய்திருந்தோம். அது போதும் என்றே இருந்தோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில், தேவகோட்டையைப் பூர்விகமாகக் கொண்டு கோயம்புத்தூரில் வசிக்கும் ஓர் ஆச்சி தொலைபேசியில் அழைத்தார். "மனகோலமும் மாவுருண்டையும் நாளைக்கு வந்துருமுல்ல தம்பி?" என்று கேட்டார். எங்கள் பதிவேட்டில் அப்படி ஓர் ஆர்டரே இல்லை. அவர் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார். பணம் கட்டிய தளத்தின் முகவரியை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் கடைப் படம், எங்கள் விலைப்பட்டியல், அப்பத்தாவின் புகைப்படம் எல்லாம் அப்படியே இருந்தன. பெயரில் 'ழ'வுக்கு இஸட்ஹெச் இருக்க வேண்டிய இடத்தில் எல் என்ற ஒற்றை எழுத்து இருந்தது. கடைசியில் டாட் காமுக்குப் பதிலாக டாட் இன். தொலைபேசி எண்ணும் யூபிஐ முகவரியும் மட்டும் எங்களுடையவை அல்ல.

அப்பச்சியிடம் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) சொன்னபோது அவர் முதலில் கேட்டது, திருமணம் எந்தத் தேதியில் என்பதைத்தான். நான்கு நாள் இருந்தது. அந்தச் சீரை நாங்களே செய்து அனுப்பிவிட வேண்டும், பணத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எங்கள் பெயரை நம்பித்தான் அந்த ஆச்சி பணம் கட்டினார்.

அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்தோம். ஆச்சியை 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் அளிக்கச் சொன்னோம். போலித் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், முகவரியும் தேதியும் தெரியும்படி படம் பிடித்து வைத்தேன். பெயரைப் பதிவு செய்தவர் யார் என்று பார்த்தால் பதிவு விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன. அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த வழங்கி நிறுவனத்துக்கு ஆதாரங்களுடன் எழுதினேன். இரண்டு நாட்களில் தளத்தை முடக்கினார்கள். ஒரே வாரத்தில் அதே பெயர் வேறொரு வழங்கியில் மீண்டும் எழுந்து நின்றது. தளத்தை முடக்குவதும் பெயரை மீட்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர் அவர்கள் கையில் இருக்கும்வரை, எத்தனை முறை முடக்கினாலும் அவர்கள் வேறோர் இடத்தில் கடை விரிக்கலாம்.

இது எப்படி நடக்க முடிகிறது என்று கேட்டவர்கள் பலர். டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், பதிவு என்பது முந்தியவருக்கே முதல் உரிமை என்ற விதியில் நடக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கேட்பதுபோல மூலப்பத்திரத்தையோ வில்லங்கச் சான்றிதழையோ இங்கே எவரும் கேட்பதில்லை. ஒரு பெயர் காலியாக இருந்தால், பணம் கட்டுகிற எவருக்கும் அது சில நிமிடங்களில் கிடைத்துவிடும். பெரிய நிறுவனங்களும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1994இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் பெயரிலான டாட் காம் முகவரியைப் பதிவு செய்யாமலே இருந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் அதைத் தம் பெயரில் பதிவு செய்து, அதைப் பற்றியே கட்டுரை எழுதினார். நியூயார்க் பள்ளி ஒன்றின் இணைய வசதிக்கு நிறுவனம் நன்கொடை தந்த பிறகு பெயரைத் திருப்பிக் கொடுத்தார். நம் நாட்டில் 1999இல் யாஹூ நிறுவனம், தன் பெயருடன் இந்தியா என்ற சொல்லைச் சேர்த்து வேறொருவர் நடத்திய தளத்தை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு ரீடிஃப் நிறுவனம், தன் பெயரில் ஓர் உயிரெழுத்தை மட்டும் மாற்றி எடுக்கப்பட்ட பெயருக்காகப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எழுத்துப் பிழையான பெயர்களையும், முகவரியின் கடைசியில் டாட் காம், டாட் இன் என்று வரும் பின்னொட்டுகளில் தமக்குத் தேவையே இல்லாதவற்றையும் பெரிய நிறுவனங்கள் ஏன் நூற்றுக்கணக்கில் வாங்கிச் சும்மா வைத்திருக்கின்றன என்று நான் முன்பு வியந்ததுண்டு. இந்த வரலாற்றைப் படித்த பிறகு அந்த வியப்பு போய்விட்டது.

பெயரை மீட்க ஒரு வழி இருப்பதைச் சென்னை வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். அதிகாலைப் பல்லவன் ரயிலில் சென்று அவரைப் பார்த்தேன். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம். அது 2005 முதல் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்வுக் கொள்கையை வைத்திருக்கிறது. நாம் புகார் மனு அளித்தால், 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்துக்கு உட்பட்டு ஒரு நடுவரை அவர்கள் நியமிப்பார்கள். மனுவில் மூன்று விஷயங்களை மெய்ப்பிக்க வேண்டும். எதிராளியின் பெயர் நமக்கு உரிமையுள்ள பெயரோடு குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது. அவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை எதுவும் இல்லை. அவர் அதைத் தீய நோக்கத்துடன் பதிவு செய்தார் அல்லது பயன்படுத்துகிறார். டாட் காம் போன்ற பெயர்களுக்கான உலகளாவிய யூடிஆர்பி கொள்கையில் இந்த 'அல்லது' கிடையாது. பதிவும் பயன்பாடும் இரண்டுமே தீய நோக்கத்துடன் இருந்தாக வேண்டும். ஒற்றைச் சொல்தான் என்றாலும், புகார் கொடுப்பவருக்கு அது பெரிய வேறுபாடு.

எங்களுக்கு ஒரு குறை இருந்தது. வணிகச் சின்னப் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தோமே தவிர, பதிவு இன்னும் முடியவில்லை. இரண்டு விஷயங்கள் எங்களைக் காப்பாற்றும் என்று வழக்கறிஞர் விளக்கினார். ஐஎன்டிஆர்பி கொள்கை பதிவு பெற்ற சின்னத்தை மட்டும் கேட்கவில்லை, உரிமையுள்ள 'பெயர்' என்றும் சொல்கிறது. மேலும், சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டொமைன் பெயரும் வணிக அடையாளமாக இயங்கக்கூடியது என்றும், ஒருவர் தம் சரக்கை இன்னொருவருடையது என்று காட்டி விற்பதற்கு எதிரான பாதுகாப்பு அதற்கும் பொருந்தும் என்றும் கூறியிருக்கிறது. ஆகவே, நெடுங்காலமாக அந்தப் பெயரில் வாணிபம் செய்து வருகிறோம் என்பதை நாங்கள் காட்டினால் போதும்.

அதைக் காட்டுவதற்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. இரண்டாங்கட்டு அறையின் பெட்டகத்தில் ஐயா (என் தாத்தா) காலத்துப் பேரேடுகளும் ஆண்டு முடிவில் எழுதிய ஐந்தொகைகளும் பட்டுத்துணியில் சுற்றிக் கிடந்தன. கடைப் பெயர் அச்சிட்ட பழைய ரசீதுகள், காகிதப் பைகள், மலேசியாவுக்கு அனுப்பிய பொதிகளின் அஞ்சல் சீட்டுகள், உணவுப் பாதுகாப்பு உரிமம், வரிக் கணக்குகள் என எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கினோம். அப்பச்சியும் நானும் அந்த வேலைக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டோம். ஐயாவின் கையெழுத்தில் 'பலகாரம் வகையறா வரவு' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் அப்பச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தார். கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கும் வழக்கம் எங்கள் ஊர்ப்பக்கம் இல்லாதிருந்தால், இந்த வழக்கில் எங்கள் கை வெறுங்கைதான்.

புகாரை அளித்த பிறகு எங்கள் பங்கு பெரும்பாலும் காத்திருப்பதாக இருந்தது. நடுவர் எதிராளிக்கு மின்னஞ்சலில் அறிவிப்பு அனுப்பினார், பதில் வரவில்லை. பதில் வராததாலேயே நாம் வென்றுவிட முடியாது, மூன்று கூறுகளையும் நாம் மெய்ப்பித்தே ஆகவேண்டும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். ஆச்சி கட்டிய பணத்தின் சான்றும் படம் பிடித்து வைத்த பக்கங்களும் அங்கே உதவின. நடவடிக்கை தொடங்கியதிலிருந்து அறுபது நாட்களுக்குள் நடுவர் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது விதி. தேவைப்பட்டால் முப்பது நாள் நீட்டிக்கலாம். ஆவணங்களைத் திரட்டத் தொடங்கிய நாளிலிருந்து பெயர் எங்கள் கணக்குக்கு மாற்றப்பட்ட நாள்வரை எண்ணினால் ஏறத்தாழ ஐந்து மாதம் ஆனது. இந்த வழியில் முக்கியமாகக் கிடைப்பது பெயர் மாற்றமோ ரத்தோதான். ஏமாந்தவர்களின் பணம் இதில் திரும்பி வராது. அதற்குக் காவல்துறை வழி தனி.

இப்போது கணக்கைச் சொல்கிறேன். எல் எழுத்திட்ட அந்த டாட் இன் பெயரை நாங்கள் முன்பே வாங்கியிருந்தால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். மீட்பதற்கு ஆன செலவு, வழக்கறிஞர் கட்டணமும் பயணமும் சேர்த்து, அதைப் போல நூறு மடங்குக்கு மேல். இதுவே டாட் காம் பெயராக இருந்து, உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் யூடிஆர்பி புகார் கொடுத்திருந்தால், ஒற்றை நடுவருக்கான கட்டணமே 1,500 அமெரிக்க டாலர். வழக்கறிஞர் செலவு அதற்கு மேல். பெருநிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாகப் பெயர்களை வாங்கிக் குவிப்பதன் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான். பறிப்பவருக்கு ஆயிரம் ரூபாய், மீட்பவருக்கு லட்ச ரூபாய் என்ற நிலையில், முன்பே வாங்கி வைப்பதுதான் மலிவு.

எதை வாங்குவது என்பதுதான் கடினமான கேள்வி. 'ழ'வுக்கு இரண்டு வழி, இரண்டு 'த'வுக்கும் ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும் நான்கு வழி, நெடிலுக்கு ஏ ஒன்று அல்லது இரண்டு என்று பெருக்கினால் பதினாறு எழுத்துக்கூட்டல்கள் வருகின்றன. டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் என மூன்று பின்னொட்டுகளோடு நாற்பத்தெட்டு. ஆங்கிலப் பெயருள்ள நிறுவனம் கைவிரல் தவறுவதை மட்டும் நினைத்துப் பார்த்தால் போதும். தமிழ்ப் பெயருள்ள கடைக்கோ, விரல் தவறாமல் சரியாக எழுதுகிறவர்களே பதினாறு விதமாக எழுதுவார்கள். நாற்பத்தெட்டையும் வாங்குவது எங்கள் அளவிலான கடைக்குப் பொருந்தாது என்று முடிவு செய்தேன். வாடிக்கையாளர் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. பழைய காசோலைகளின் நகல்களையும் கூரியர் சீட்டுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அப்பத்தாவின் பெயர் அவற்றில் ஐந்து விதமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. மீட்ட பெயரோடு சேர்த்து அந்த ஐந்தும் டாட் இன்னிலும், ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து நான்கு டாட் காமிலும் எங்களிடம் இருக்கும்படி வாங்கினேன். இவ்வளவே எங்கள் காப்பு.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா என்ற பின்னொட்டில் ஒரு பெயரையும் பதிவு செய்தேன். அங்கே அவர் பெயருக்கு எழுத்துக்கூட்டல் ஒன்றே ஒன்றுதான். எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் அதைத் தட்டச்சு செய்து வருகிறவர்கள் இன்னும் மிகக் குறைவு என்பதும், அப்படிப்பட்ட மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் ஏற்க மறுப்பதும் எனக்கு வருத்தமளிக்கின்றன.

பெரிய நிறுவனங்களும் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாத காலம் இது. 2012இல் புதிய பின்னொட்டுகளுக்கு, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு விண்ணப்பம் கோரியபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான புதிய பின்னொட்டுகள் பிறந்தன. வணிகச் சின்ன உரிமையாளர்கள் தங்கள் பெயரைப் பொதுப் பதிவுக்கு முன்பே எடுத்துக்கொள்ள 2013இல் ஒரு பொதுப் பதிவகம் தொடங்கப்பட்டது. அவர்கள் செய்யும் காரியத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. தங்களைக் குறை சொல்லும் தளங்களுக்குப் பயன்படக்கூடிய பெயர்களையும் சில நிறுவனங்கள் வாங்கி அடைத்து வைக்கின்றன. ஏமாற்றுக்காரரைத் தடுப்பது வேறு, குறை சொல்லும் வாடிக்கையாளரின் வாயை அடைப்பது வேறு. எங்கள் அதிரசம் கெட்டியாக இருந்தது என்று ஒருவர் தளம் நடத்தினால், அதை அவர் நடத்தட்டும்.

வாங்கிய பெயர்களைப் பராமரிப்பதுதான் பலர் மறந்துவிடும் பகுதி. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. அதன் வழியாக உள்ளே நுழைய வேண்டியிருந்த ஹாட்மெயில் மின்னஞ்சல் பயனர்கள் நுழைய முடியாமல் தவித்தார்கள். தொடர்பில்லாத ஒரு நிரலாளர் புதுப்பிப்புக் கட்டணமான 35 டாலரைத் தம் பணத்திலிருந்து கட்டினார். எங்கள் பெயர்கள் அனைத்தும் இப்போது ஒரே பதிவு நிறுவனத்தில், ஒரே தேதியில் புதுப்பிக்கும்படி இருக்கின்றன. நினைவூட்டல் என் அலைபேசிக்கும் அப்பச்சியின் அலைபேசிக்கும் வரும். எந்தப் பெயரைத் தட்டினாலும் முதன்மைத் தளத்துக்கே போகும்படி திருப்பி வைத்திருக்கிறேன். மின்னஞ்சலையும் கவனிக்க வேண்டும். 2011இல் இரு ஆய்வாளர்கள், பெரிய நிறுவனங்களின் முகவரிகளில் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் வரும் பெயர்களைப் பதிவு செய்து, ஆறு மாதத்தில் 1,20,000 மின்னஞ்சல்கள் தவறுதலாகத் தங்களுக்கு வந்ததைக் காட்டினார்கள். ஆகவே காப்புப் பெயர்களுக்கு வரும் கடிதங்கள் எங்கள் பெட்டிக்கே வரும்படி செய்தேன். அந்தப் பெயர்களில் எவராவது போலிக் கடிதம் அனுப்பினால் பெறுகிற அஞ்சல் சேவைகள் அதை மறுக்கச் சொல்லும் எஸ்பிஎஃப், டிமார்க் என்ற இரண்டு பதிவுகளையும் இட்டேன். இந்தப் பதிவுகளுக்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

மீட்ட பெயர் எங்களிடம் வந்த இரண்டாம் வாரம், அந்த எல் எழுத்து முகவரிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பேத்தியின் திருமணத்துக்கு நூற்றெட்டு அதிரசமும் மனகோலமும் கேட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் அப்பத்தாவின் பெயரை எப்போதும் அப்படித்தான் எழுதுவார்களாம். ஐந்தில் எங்களுக்குக் கிடைக்காமல் போன டாட் காம் பெயர் மட்டும் இன்னும் வேறொருவர் கையில் இருக்கிறது. அதில் விளம்பரப் பக்கம் தவிர வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கடை திறந்ததும் அதை ஒருமுறை திறந்து பார்த்து, படம் பிடித்து, தேதியிட்டு வைக்கிறேன்.