பிஈஎஸ் ரசிகனின் புலம்பல்தான், ஆனாலும் வாசியுங்கள்

அக்காவின் மகன் ஃபோனில் ஈஃபுட்போல் விளையாடிக்கொண்டே "இதில என்ன மாமா குறை?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான், அவனுக்கு இதற்கு முன்னால் பிஈஎஸ் (Pro Evolution Soccer) என்று ஒரு கால்பந்து கேம் இருந்ததே தெரியாது. ஆனால் திருகோணமலையில் முப்பதைத் தாண்டிய பெடியளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஏகாம்பரம் மைதானத்தில் மாட்ச் முடிந்து கால்கூடக் கழுவாமல் பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்த கடைக்கு ஓடி, மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து பிஈஎஸ் விளையாடிய கூட்டம் அது, தோற்றவன் எழும்பி இடம் விட வேண்டும். அவர்கள் பதில் சொல்லத் தொடங்கினால் உங்கள் பின்னேரம் போய்விடும்.

2021 செப்டம்பர் 30 அன்று, பிஈஎஸ் செய்த அதே ஜப்பான் கம்பனி கொனாமி, அதற்குப் பதிலாக ஈஃபுட்போல் 2022ஐ வெளியிட்டது. இத்தனை வருடம் இருந்த பெயர் போனது, கேமை ஓட்டும் மென்பொருளான ஃபொக்ஸ் என்ஜின் போய் அன்ரியல் வந்தது, கேம் இலவசமானது. வீரர்களின் கோணல் முகங்களைப் பிடித்துப் போட்டு உலகமே சிரித்தது, கேம் விற்கும் தளமான ஸ்டீமில் அப்படியொரு மோசமான மதிப்பீடு. சரி, முகத்தை அப்டேட்டில் திருத்திவிடலாம், திருத்தவும் செய்தார்கள். என் கூட்டாளிகள் விட்டுப்போனது முகத்துக்காக இல்லை. தொடக்கத்தில் 9 கிளப் அணிகள்தான், அதைவிடப் பெரிய இடி, ஒரு கிளப்பை நாமே நடத்தும் மாஸ்டர் லீக்கே இல்லை. கஸ்டோலோ, மினாண்டா என்று உலகில் இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு இரண்டாம் டிவிஷனில் தொடங்கி, ஒவ்வொருவராக வாங்கி விற்று, கப் எடுக்கும்வரை இழுபடுவதுதான் எங்களுக்கு பிஈஎஸ். அதுவும் 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில், டேட்டா இல்லாமல், லாப்டொப் பற்றரி சாகும்வரை தனியாக ஆடக்கூடிய ஒன்றைத்தான் முதலில் தூக்கியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே "உங்களுக்கு எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும்" என்பார்கள். இல்லை. கப்கொம் கம்பனியின் திகில் கேம் ரெசிடன்ட் ஈவில் 4ஐப் பாருங்கள். 1996இலிருந்து அந்தத் தொடரின் அடையாளமே அசையாத கமரா, மெதுவாக வரும் சொம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள். 2005இல் கமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள், சொம்பியையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் எத்தனை வடிவங்களைச் செய்து குப்பையில் போட்டார்கள், அதில் ஒன்று கைமீறி வேறெங்கோ போய் டெவில் மே க்ரை என்ற தனிச் சண்டை கேம் தொடராகவே ஆனது. ஆனால் தோட்டா எண்ணிப் பார்த்துச் சுடும் அந்தப் பயம் அப்படியே இருந்தது. 2012இல் ஆறாவது வந்தபோது கமரா, ஆட்கள், பெயர் எல்லாம் பழக்கமானவைதான், பயம்தான் இல்லை, சண்டைப் படம்போல வெடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 2017இல் ஏழாவது. முதன்முறையாகப் பிரதான வரிசையில் ஃபர்ஸ்ட் பேர்சன், பழைய நாயகர்களைப் பெரும்பாலும் காணவே இல்லை, அறிவித்தபோது இது ரெசிடன்ட் ஈவிலே இல்லை என்று கத்தினார்கள். விளையாடிப் பார்த்தால் பூட்டிய வீடு, திறப்பு தேடும் வேலை, பச்சை மூலிகை, நிரம்பி வழியும் பை, சேவ் செய்யும் அறைக்குள் நுழைந்ததும் வரும் அந்தப் பெருமூச்சு. என்னைக் கேட்டால் ஆறாவதைவிட ஏழாவதுதான் முதலாவதற்குச் சொந்தக்காரன்.

ரசிகர் எதைச் சத்தமாகச் சொல்கிறாரோ அதையே நம்பித் திருத்தப் போனாலும் கம்பனி ஏமாறும் என்று நினைக்கிறேன். அந்த டெவில் மே க்ரையைப் புதிதாகத் தொடங்கிய டிஎம்சி டெவில் மே க்ரை 2013இல் வந்தபோது சண்டை முழுக்க நாயகன் டான்டேயின் தலைமுடி பற்றியது, வெள்ளை முடிக்காரனைக் கறுப்பு முடிக்காரன் ஆக்கிவிட்டார்களாம். மயிர்ப் பிரச்சினைதான், வேறென்ன. ஆனால் உள்ளே பார்த்தால் செக்கனுக்கு 60 ஃபிரேமில் ஓடிய தொடர் கொன்சோலில் 30க்கு இறங்கியிருந்தது, எதிரியைக் குறிவைத்துப் பிடிக்கும் லொக் ஒன் இல்லை. விரலுக்குத் தெரிந்த குறையை வாய் "முடி" என்று சொல்லிவிட்டது. 2015இல் திருத்திய பதிப்பில் 60 ஃபிரேமையும் லொக் ஒனையும் சேர்த்தார்கள், கேம் உடனே வேறு மாதிரி இருந்தது. 2019இல் ஐந்தாவதில் வெள்ளை முடியும் வந்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம், மருமகனின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஈஃபுட்போலை ஃபோனில் கோடிக்கணக்கான பேர் இறக்கி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு கஸ்டோலோ யாரென்றே தெரியாது, அவர்கள் கேட்கிற வீரர் கார்டுகளும் ஒன்லைன் போட்டியும் அங்கே இருக்கிறது. கம்பனிக்கு நாங்கள் கடன்காரர் இல்லை, காசு தருகிறவரும் இப்போது இல்லை, அது கசப்பாக இருந்தாலும் உண்மை. வருடா வருடம் ஒன்று என்று தள்ளிக்கொண்டிருந்த அசாசின்ஸ் கிரீட் கேம் தொடர்கூட 2016இல் ஒரு வருடம் நிறுத்திவிட்டு 2017இல் ஒரிஜின்ஸ் என்று, பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகும் ஆர்பிஜியாகத் திரும்பியது, புதுக் கூட்டம் வந்தது, பிறகு பழைய ஆட்களுக்காக 2023இல் மிராஜ் என்று பாக்தாத்தில் சின்னதாக ஒன்று செய்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சட்டியில் சமைக்க முடியாது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

கப்கொம் செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. 2019இல் ரெசிடன்ட் ஈவில் 2ஐ முழுதாகப் புதிதாகச் செய்தார்கள், 2024இல் பழைய முதல் மூன்றையும் ஜிஓஜி என்ற ஒன்லைன் கடையில் விற்பனைக்கு விட்டார்கள், எது வேண்டுமோ எடுத்துக்கொள். கொனாமியும் பழைய பிஈஎஸ் ஒன்றை அப்படியே விற்றால் என்ன? கிளப், வீரர் பெயர்களுக்கு உரிமம் இல்லை என்பார்கள். அது ஒரு பிரச்சினையா, லிவர்பூலை மெர்சிசைட் ரெட் என்றும் செல்சியை லண்டன் எஃப்சி என்றும் போட்டபோதே நாங்கள் வரிசையில் நின்று விளையாடியவர்கள்.