தட்டு தாமதமாக வந்தது

பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில் ஒரு மேசையின் ஆட்டத்தை நேரலைக்கு அனுப்புவது என் வேலை. நடுவர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். "தட்டு தாமதமாக வந்ததா?" "ஆமாம், சார்." "யோசித்தது யார் என்று தெரியுமா?" "தெரியாது." அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். முதல் பதிலில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாவதுதான் இன்னும் உறுத்துகிறது.

மேசையின் குறுக்கே ஒரு திரை. வடக்கும் கிழக்கும் ஒரு பக்கம், அவரவர் ஜோடிகளான தெற்கும் மேற்கும் மறு பக்கம். ஏல அட்டைகளை ஏந்தும் தட்டு இரு பக்கமும் போய்வரும். வடக்கு 1 ஹார்ட்டில் ஏலத்தைத் தொடங்கினார். கிழக்கு எடுத்த எடுப்பில் 4 ஸ்பேட். தட்டு திரைக்கு அடியில் அந்தப் பக்கம் போனது. நான் மடிக்கணினியோடு இந்தப் பக்கம், வடக்குக்கும் கிழக்குக்கும் அருகில் இருந்தேன். போன தட்டு வரக் காணோம். பார்ப்பவர்கள் இணையம் அறுந்துவிட்டது என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று, "தட்டு இன்னும் அந்தப் பக்கம்" என வர்ணனையாளர்களுக்கு ஒரு வரி எழுதினேன். ஒருவழியாக இரண்டு பச்சை அட்டைகளோடு தட்டு திரும்பியது. இரண்டு பாஸ். வடக்கு 5 ஹார்ட் வைத்தார். அதற்குத் தேவையான 11 பிடியும் வந்துவிட்டது. இதே சீட்டுகளை ஆடிய மற்ற அறையில் ஏலம் 4 ஸ்பேடிலேயே நின்று, ஒரு பிடி குறைந்து, வடக்கு-தெற்குக்குக் கிடைத்தது 50தான். இங்கே 450. ஆக வடக்கு-தெற்கின் அணிக்கு 9 இம்ப், அதாவது அணிப் போட்டிப் புள்ளி. தாமதித்தது தெற்கு என்றால், ஜோடியின் அந்தத் தயக்கத்தைக் குறிப்பாகக் கொண்டு வடக்கு 5 ஹார்ட் வைத்திருக்கக் கூடாது. கிழக்கு நடுவரை அழைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

என் கணினியில் நான்கு கைகளும் தெரியும். மேற்கிடம் இருந்தது ஒரே ஒரு ஜாக். தெற்கிடம் உயர்ந்த சீட்டுகளில் 12 புள்ளி, இரண்டு ஹார்ட். 4 ஸ்பேடுக்கு எதிரே யோசிக்க வேண்டிய கை எது என்பது நேற்று ஆடக் கற்றவருக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. பிறகு எப்படித் "தெரியாது" என்றேன்?

என் பக்க நியாயம் இது. 76ஆவது விதிப்படி பார்வையாளர் நடுவர் கேட்டால் மட்டுமே வாய் திறக்கலாம். திறந்தாலும் நடந்ததைச் சொல்லத்தான். நான் கண்டது தட்டு வராததை. தெற்கின் முகத்தையோ கையையோ அல்ல. மேற்கு ஒரு ஜாக்கை வைத்துக்கொண்டே எதிரணியின் ஏல முறை அட்டையைப் புரட்டியிருக்கலாம், எழுதிக் கேள்வி கேட்டிருக்கலாம். சீட்டைப் பார்த்து ஊகித்ததைக் கண்ணால் கண்டதுபோல் சொன்னால் அது சாட்சியம் ஆகாது. தவிர, கைகளின் பதிவு நடுவரிடமும் இருந்தது.

இருந்தும் அவர் தீர்ப்பு, இருவரில் யார் தாமதித்தார் என்பது நிறுவப்படவில்லை என்பது. முடிவு அப்படியே நின்றது. ஆதாரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து முடிவு செய்ய 85ஆவது விதி இடம் தருகிறது. "கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் கைகளைப் பாருங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் அது சாய்ந்திருக்குமோ? அப்படிச் சொல்வது என் வேலையா?

மறுநாள் தோற்ற அணியின் மாற்று ஆட்டக்காரர் என்னைத் தேடி வந்தார். நேரலை வர்ணனையில் "தெற்கு நீண்ட நேரம் யோசிக்கிறார்" என்று இருந்ததாம். "உங்கள் ஒளிபரப்பே சொல்கிறது, நீங்கள் தெரியாது என்கிறீர்கள்." நான் எழுதிய தட்டு, வர்ணனையாளர் கையில் தெற்காகிவிட்டது. அவர் எங்கோ தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான்கு கைகளையும் பார்த்து ஊகித்ததுதான் அது என்று விளக்கினேன். சொல்லும்போதே, அவரும் நானும் ஊகித்தது ஒன்றைத்தான் என்பது உறைத்தது. அவர் வாய்விட்டுச் சொன்னார், நான் சொல்லவில்லை.

2014இல் ஒபாட்டியாவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியின் ஒளிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான், சீட்டுகள் வரும் பலகையை வைக்கும் இடத்தால் ஒரு ஜோடி சாடை காட்டியதை 2015இல் கண்டுபிடித்தார்கள். அங்கே கேமரா எதையும் ஊகிக்கவில்லை, பதிவு மட்டும் செய்தது. ஊகித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். இது எனக்குச் சாதகமான வாதம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் கேமராவுக்கு மேற்கின் ஜாக் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஏலத்தையும் சீட்டையும் தவிர எதையும் எழுதுவதில்லை என்று இருந்தேன். தட்டு நின்றால் நானும் பேசாமல் இருந்தேன். "இணைப்பு போய்விட்டதா?" என்று வர்ணனையாளர்கள் துளைத்தெடுத்தார்கள். இப்போது மறுபடி எழுதுகிறேன், "காத்திருக்கிறோம்" என்று மட்டும். யாருக்காக என்று அவர்கள் கேட்பதும் உண்டு. அதற்குப் பதில் போடுவதில்லை.