வில்லிக்கு ஃப்ளாஷ்பேக் தேவையில்லை

வில்லனைத் திருத்த வேண்டுமா, கிளைமாக்ஸுக்கு முன்னால் ஒரு சோக ஃப்ளாஷ்பேக் போடு என்பதுதான் வழக்கமான சூத்திரம். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி 'பிரின்சஸ் மோனோனோகே'யில் (1997) அந்தப் பக்கமே போகவில்லை. படத்தின் வில்லி, இரும்பு உருக்கும் ஊரின் தலைவி எபோஷியின் கடந்த காலத்துக்கு ஒரு காட்சிகூடக் கிடையாது.

இரும்புக்காகக் காட்டை அழிக்கிறாள். அவள் சுட்ட குண்டுதான் பன்றித் தெய்வத்தைப் பேயாக்கி, நாயகன் அஷிடாகாவின் கையில் சாபமாக ஏறுகிறது. பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டு உலைத்துருத்தி மிதிக்கும் வேலை கொடுத்தவளும் இவளேதான்.

காட்சி வரிசையைக் கவனியுங்கள். துப்பாக்கிப் பட்டறையில் அஷிடாகாவின் சாபம் ஏறிய வலக்கை எபோஷியைக் கொல்லத் தானாகவே வாளை உருவப் பாய்கிறது. இடக்கையால் அமுக்கிப் பிடிக்கிறான். அப்போதுதான், உடம்பெல்லாம் கட்டுப் போட்ட தொழுநோயாளி ஒருவர் படுத்தபடியே பேசுகிறார்: எங்கள் அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப் போட்டவர் இவர் ஒருவர்தான். இந்த வசனம் நாலு நிமிடம் முன்னாடி வந்திருந்தால் நமக்கு அவள்மேல் கோபமே வந்திருக்காது, காட்சி படுத்திருக்கும்.

கடைசியில் காட்டின் ஓநாய்த் தெய்வத்தின் துண்டான தலை (ஆமாம், தலை மட்டும்!) அவள் கையைக் கவ்வித் துண்டிக்கிறது. காப்பாற்றுவது அஷிடாகா. நல்ல ஊராகக் கட்டுவோம் என்கிறாளே தவிர, காட்டிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. அந்த ஓநாய் வளர்த்த மனிதப் பெண் சானும் மனிதர்களை மன்னிக்க முடியாது என்று அஷிடாகாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் பிரிகிறாள்.