தட்டில் இருந்ததும் தாளில் எழுதியதும்: ஓர் உணவியல் மாணவியின் நாட்குறிப்பு

ஜூலை 8

மூன்றாம் ஆண்டு வகுப்புகள் இன்று தொடங்கின. முதல் மணி நேரமே உணவின் ஆற்றலைக் கணக்கிடும் முறை. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கிலோ கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்பதை முதலாண்டிலிருந்தே வாய்ப்பாடு போல ஒப்பித்து வந்திருக்கிறோம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பேராசிரியை இன்று பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் செய்த வேலை அது. புரதத்தை, எரியும்போது வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் கலோரிமானிக்குள் முழுவதுமாக எரித்தால் கிராமுக்கு ஏறத்தாழ 5.65 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். உடலோ புரதத்தைக் கடைசிவரை எரிப்பதில்லை; அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அந்த வழியில் போவது கிராமுக்கு 1.25. மீதமுள்ள 4.4இல், குடல் உறிஞ்சும் பங்கான 92 விழுக்காட்டை எடுத்தால் கிடைப்பதே நமக்குப் பழக்கமான 4.

இந்த எண்கள் சராசரிகள் என்பதற்குப் பாதாமை எடுத்துக்காட்டாகச் சொன்னார். வழக்கமான கணக்கின்படி 28 கிராம் பாதாமில் சுமார் 170 கிலோ கலோரி இருக்க வேண்டும். தன்னார்வலர்களுக்குப் பாதாம் கொடுத்து, உடலில் தங்காமல் வெளியேறியதையும் அளந்த ஆய்வு 2012இல் வெளியானது. அதில் கிடைத்த மதிப்பு 129தான். மென்ற பிறகும் உடையாமல் எஞ்சும் செல் சுவர்களுக்குள் ஒரு பகுதிக் கொழுப்பு அடைபட்டு, செரிக்காமலே போய்விடுகிறது. இதுவரை நாங்கள் உணவுப் பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணை அளந்தெடுத்த எண்ணாகவே எண்ணி வந்தோம். இனி அதைப் பார்க்கும்போதெல்லாம், யார், எப்படி அளந்தார்கள் என்ற கேள்வியும் உடன் வரும்.

ஜூலை 18

24 மணி நேர உணவு நினைவுகூரல் செய்முறை வகுப்பு. நேற்று முழுவதும் என்னென்ன உண்டார், பருகினார் என்று ஒருவரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் இந்தப் படிப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று எனக்கு இன்று தோன்றியது.

ஐந்து சுற்றுகளாகக் கேட்கக் கற்றுத் தந்தார்கள். முதல் சுற்றில் அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் பட்டியலாக எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் சுற்றில் பலரும் மறக்கும் பொருள்களை, அதாவது பானங்கள், நொறுக்குத் தீனி, இனிப்பு, சமைக்கும்போது ருசி பார்த்தது ஆகியவற்றை, நாமே எடுத்துக்கொடுக்க வேண்டும். மூன்றாவதில் ஒவ்வொன்றையும் உண்ட நேரமும் சூழலும். நான்காவதில் அளவு, சமைத்த விதம், சேர்த்த எண்ணெய், சர்க்கரை. ஐந்தாவதில் விடுபட்டது ஏதேனும் உண்டா என்று இறுதியாக ஒருமுறை.

கேள்வியின் வடிவத்தைப் பற்றிப் பேராசிரியை நீண்ட நேரம் பேசினார். "காலை உணவுக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், காலையில் சாப்பிடுவதுதான் முறை என்று நாம் கருதுவதை எதிரில் இருப்பவர் உடனே புரிந்துகொள்வார், ஒன்றும் சாப்பிடாதவர்கூட ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பார். "எழுந்த பிறகு முதலில் என்ன உண்டீர்கள், அல்லது குடித்தீர்கள்?" என்று கேட்டால் அந்த நெருக்கடி இல்லை. "சர்க்கரை அதிகம் சேர்ப்பீர்களா?" என்ற கேள்வியும் அப்படித்தான், அதில் தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. எத்தனை கரண்டி, எந்தக் கரண்டி என்று கேட்பதே போதும். பதில் வரும்போது முகத்தில் வியப்போ பாராட்டோ தெரியக் கூடாது. பாராட்டும் கெடுதல் செய்யும் என்பது எனக்குப் புதிய செய்தி: காய்கறி உண்டதாகச் சொன்னவுடன் நாம் மகிழ்ந்து தலையாட்டினால், அடுத்த வேளைக்கும் அவர் காய்கறியைச் சேர்த்துக்கொள்வார்.

என் இணையாக அமர்ந்த தோழி ஒரு டம்ளர் பால் என்றார். டம்ளரின் கொள்ளளவு எவ்வளவு இருக்கும் என்றதற்கு 150 மி.லி. என்றார். வழக்கமாகக் குடிக்கும் அளவுக்குத் தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொல்லி, அதை அளவுக் குடுவைக்கு மாற்றிப் பார்த்தபோது 210 மி.லி. வந்தது. உணவியல் படிக்கும், அளவைகளைத் தினமும் கையாளும் ஒருவரின் கணக்கே இவ்வளவு விலகுகிறது.

ஜூலை 20

நேற்றைய விரிவுரையில் எல்சி விடோசனின் பெயர் வந்தது. இன்று நூலகத்தில் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1933இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் சமையற்கூடத்தில் அவர் மருத்துவர் மக்கான்ஸைச் சந்தித்தார். பழங்களின் சர்க்கரைக்கு மக்கான்ஸ் வெளியிட்ட மதிப்புகள் குறைவானவை, அமிலத்தில் கொதிக்கவைக்கும்போது ஃபிரக்டோஸின் ஒரு பகுதி சிதைந்துபோகிறது என்று அந்த இளம் பெண் அவரிடமே நேரடியாகச் சொன்னார். மக்கான்ஸ் அதை ஏற்றுக்கொண்டு, சேர்ந்து பணியாற்ற அவரை அழைத்தார். சமைத்த உணவையும் சமைக்காத உணவையும் தனித்தனியே பகுத்தாய்ந்து இருவரும் உருவாக்கிய உணவுச் சத்து அட்டவணை 1940இல் வெளிவந்தது. நாங்கள் மென்பொருளில் ஓர் உணவின் பெயரைத் தட்டியதும் வந்து நிற்கும் எண்களுக்குப் பின்னால் இப்படி ஒவ்வொன்றாக எடை போட்டு, உலர்த்தி, கரைத்து, அளந்த ஆண்டுகள் இருக்கின்றன. விடோசனைப் பற்றி முதலாண்டிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 2

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்பதைக் கணிக்கும் சமன்பாடுகள். 1919இன் ஹாரிஸ்–பெனடிக்ட், 1990இன் மிஃப்லின்–செயின்ட் ஜியோர். எடை, உயரம், வயது, பால் ஆகிய நான்கைக் கொடுத்தால் ஓய்வுநிலை ஆற்றல், அதாவது சும்மா இருக்கும்போதே உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல், கிடைக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டிலும் போட்டால் விடை வேறுபடுகிறது. கணக்குகள் செய்து முடித்தோம். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அதைவிட மாலை வகுப்பில் கேட்ட இருகுறி நீர் முறைதான் மனத்தில் நின்றது. ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியமும் ஆக்சிஜனின் கனமான வடிவமான ஆக்சிஜன்-18உம் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். டியூட்டீரியம் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறுகிறது. ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறுகிறது. இரண்டும் சிறுநீரில் குறைந்துகொண்டே வரும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து, அந்த ஆள் தன் வழக்கமான வாழ்க்கையை வாழ்ந்தபடியே எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டார், அதன்வழி எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டார் என்று கணக்கிடலாம். எடை மாறாமல் இருப்பவரின் செலவும் வரவும் சமம். ஆகவே அவர் சொன்ன உணவுப் பட்டியலை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது, மக்கள் உண்மையில் உண்டதைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள் என்பதும், உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி கூடுகிறது என்பதும்.

வகுப்பில் ஒருவர் "அப்படியானால் நோயாளிகள் பொய் சொல்கிறார்கள்" என்றார். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. பலமுறை எடைக்காகக் கடிந்துகொள்ளப்பட்ட ஒருவர், வெள்ளை அங்கி அணிந்த இன்னொருவரின் முன் தன் தட்டை மறைத்துக்கொள்வது தற்காப்பு. அந்த நிலைக்கு அவரைத் தள்ளியதில் எங்கள் துறைக்கும் பங்குண்டு.

ஆகஸ்ட் 14

பட்டினி வாரம் என்று இந்த வாரத்தைச் சொல்லலாம். 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வைப் பற்றி இரண்டு நாள்கள் விவாதித்தோம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். 24 வாரங்கள் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. அவர்களின் இதயத் துடிப்பு மந்தமானதும் எப்போதும் குளிர்ந்ததும் எதிர்பார்க்கக்கூடியவை. உணவைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் சமையல் குறிப்புகளைச் சேகரித்ததும், தட்டுகளை நக்கியதும், சிடுசிடுப்பும் சோர்வுமாக ஒதுங்கியதும்தான் என்னை அதிகம் பாதித்தன. நலமான, உறுதியான இளைஞர்களுக்கே இது நேர்ந்தது என்றால், நோயினால் மாதக்கணக்கில் சரியாக உண்ணாத ஒருவர் வார்டில் எரிந்து விழுவதை அவருடைய குணமாக எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

நீண்ட நாள் உண்ணாதவருக்கு உணவைத் திரும்பக் கொடுப்பதும் ஆபத்தானது என்பது இந்த வாரத்தின் அடுத்த பாடம். மாவுச்சத்து உள்ளே வந்ததும் இன்சுலின் சுரக்கிறது. ஏற்கெனவே இருப்பு தீர்ந்துபோன பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் விரைகின்றன. தயமின் என்ற வைட்டமின் பி1உம் வேகமாகச் செலவாகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அதனால் அதிக ஆபத்துள்ளவருக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கிலோ கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, தயமினை முன்கூட்டியே கொடுத்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே பல நாள்களில் மெல்ல உயர்த்த வேண்டும். 40 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் 400. எலும்பும் தோலுமாகப் படுத்திருப்பவரின் குடும்பத்தாரிடம், இன்று இவ்வளவுதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பு உணவியலாளருடையது. அன்போடு கூடுதலாக ஊட்டப்படும் ஒரு கிண்ணம், பட்டியலில் ஏறாமலே உள்ளே போய்விடக்கூடும்.

செப்டம்பர் 3

மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிட்டது. முதலில் சிறுநீரகப் பிரிவு.

டயாலிசிஸ் புதிதாகத் தொடங்கிய பெரியவர் ஒருவரிடம் மூத்த உணவியலாளருடன் சென்றேன். சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்த காலத்தில் அவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நிலையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை பரிந்துரைப்பது வழக்கம். டயாலிசிஸ் தொடங்கியபின் இயந்திரத்தின் வழியே அமினோ அமிலங்களும் வெளியேறுவதால் 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. இதைச் சொன்னதும் அவர் என்னைத்தான் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் விஷம்னு சொன்னீங்க. இன்னிக்கு மருந்துன்னு சொல்றீங்க. நான் எதைம்மா நம்புறது?"

மூத்தவர் அவசரப்படவில்லை. முன்பு சொன்னதும் சரி, இப்போது சொல்வதும் சரி என்று தொடங்கி, இடையில் மாறியது என்ன என்பதைத் தாளில் படம் வரைந்து விளக்கினார்: அப்போது புரதக் கழிவை வெளியேற்ற வழி இல்லை, இப்போது இயந்திரம் கழிவோடு சேர்த்து நல்லதையும் எடுத்துவிடுகிறது. பெரியவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகுதான், இரண்டு ஆண்டுகளாகப் பயந்து முட்டையைத் தொடவே இல்லை என்றார். குறைக்கச் சொன்னது அவர் காதில் அறவே விலக்கச் சொன்னதாக விழுந்திருக்கிறது. கேஸ் ஷீட்டிலோ "உணவு ஆலோசனை வழங்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. என்ன சொன்னோம் என்பதோடு, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதையும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும்.

பாஸ்பரஸைப் பற்றியும் இன்று தெளிவு கிடைத்தது. பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி, நம் குடலால் எளிதில் உடைக்க முடியாத ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டிருப்பதால் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ 90 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சப்படக்கூடியவை. அட்டவணையின் மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் பருப்பை விலக்கிவிட்டு, பொட்டலத்தை அனுமதித்துவிடுவோம். ஆகவே நோயாளிக்குக் கற்றுத்தர வேண்டியது, பொட்டலத்தின் பின்புறத்தில் "பாஸ்பேட்" என்று முடியும் பெயர்களைத் தேடிப் பார்ப்பதுதான்.

செப்டம்பர் 12

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கான உணவுப் பதம். திரவத்தின் கெட்டித்தன்மையைச் சோதிக்க 10 மி.லி. சிரிஞ்சே போதும். நுனியை விரலால் அடைத்து 10 மி.லி. வரை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து நொடி ஒழுகவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே எஞ்சியது 1 முதல் 4 மி.லி. வரை என்றால் கெட்டித்தன்மையின் முதல் நிலை, 4 முதல் 8 வரை என்றால் இரண்டாம் நிலை. மென்மையான திட உணவுக்கு முள்கரண்டிச் சோதனை: கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தும்போது துண்டு நசுங்க வேண்டும், எடுத்தபின் பழைய வடிவத்துக்குத் திரும்பக் கூடாது.

பிற்பகல் நாங்களே கெட்டியாக்கிய தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். தாகம் தணிந்த உணர்வே வரவில்லை. நாக்கில் ஒரு வழவழப்பு படிந்து நின்றது. பக்கவாதத்திலிருந்து மீண்டுவருபவர் ஏன் தண்ணீர் வேண்டாம் என்று ஒதுக்குகிறார், ஏன் நீரிழப்புக்கு ஆளாகிறார் என்பது இனி எனக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி. இந்தப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு முழுக் கோப்பையாவது குடித்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 25

பொதுச் சுகாதார ஊட்டச்சத்து வகுப்பில் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கரைப் பற்றிய பாடம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், தோலையும் குடலையும் மூளையையும் தாக்கும் பெலக்ரா என்ற நோய் பரவியபோது அது தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். 1914இல் அதை ஆராய அனுப்பப்பட்ட அவர், ஆதரவற்றோர் இல்லங்களிலும் மனநல மருத்துவமனைகளிலும் நோய் அங்கே தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே வருகிறது, பணியாளர்களுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தார். இரு தரப்பினரின் தட்டும் வேறு வேறாக இருந்தது. பாலும் இறைச்சியும் முட்டையும் சேர்த்ததும் நோய் விலகியது. நயாசின் என்ற வைட்டமினின் குறைபாடே காரணம் என்பது உறுதியானது அவர் இறந்தபின், 1937இல்தான். வைட்டமினின் பெயரே தெரியாத நிலையில், யார் தட்டில் என்ன இருக்கிறது, ஏன் அதுமட்டும் இருக்கிறது என்று பார்த்தே அவரால் வறுமை வரை போக முடிந்திருக்கிறது.

அக்டோபர் 7

இறுதியாண்டு ஆய்வுக்கான முன்மொழிவை இன்று ஒப்படைத்தேன். வார்டில் தங்கியிருக்கும் நோயாளிகளின் உணவுத் தட்டைப் பரிமாறும் முன்பும் திரும்பி வந்த பின்பும் எடை போட்டு, அவர்கள் உண்மையில் உண்டது எவ்வளவு என்று கண்டறிவது. மறுநாள் காலை ஐந்து சுற்று நினைவுகூரல் வழியே அவர்கள் சொல்வதுடன் அதை ஒப்பிடுவது. எடை போடுபவரும் பேட்டி எடுப்பவரும் வெவ்வேறு ஆள்களாக இருக்க வேண்டும். எடையைப் பேட்டியாளர் அறிந்திருக்கக் கூடாது. வெளியிலிருந்து உறவினர் கொண்டுவரும் உணவைத் தனிப் படிவத்தில் எழுத வேண்டும். அதில்தான் அதிகம் தவறும் என்று நினைக்கிறேன்.

வழிகாட்டி ஒரு திருத்தம் சொன்னார். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவை, அதாவது ஒன்று கூடும்போது மற்றதும் எவ்வளவு சீராகக் கூடுகிறது என்பதை, மட்டும் காட்டுவதாக எழுதியிருந்தேன். எல்லாரும் ஒரே சீராக 300 கிலோ கலோரி குறைத்துச் சொன்னாலும் ஒட்டுறவு மிக நன்றாகவே வரும் என்று சொல்லி, ஒவ்வொருவரின் இரு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவ்விரண்டின் சராசரிக்கு எதிராகக் குறிக்கும் பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடத்தைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன். அறநெறிக் குழுவின் அனுமதி வந்ததும் தராசைச் சரிபார்த்து, முதல் வாரம் மதிய உணவில் மட்டும் முன்னோட்டம் நடத்த வேண்டும்.